எதுவரைக்கும் வருது?

"கம்ப்யூட்டர் ஆன் ஆகல தம்பி" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எதுவரைக்கும் வருது?" என்பதுதான். மதுரையில் வீடு வீடாகப் போய் கணினி பழுது பார்ப்பது என் வேலை. ஒரு வீட்டில் சுவிட்சைத் தட்டினால் சின்ன விளக்குகூட எரியாது. இன்னொரு வீட்டில் ஃபேன் சுற்றும், மானிட்டர் கருப்பாகவே நிற்கும். சில இடங்களில் லோகோ வந்து அதோடு நின்றுவிடும். சிலருக்கு விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாருமே சொல்வது ஆன் ஆகவில்லை என்றுதான். ஆனால் நாலும் நாலு வேறு கோளாறு.

கணினி எழுந்திருக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எஸ்எம்பிஎஸ் என்கிற சப்ளை பெட்டி, வோல்டேஜ் எல்லாம் சரி என்று, எல்லா பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்கு சிக்னல் தர வேண்டும். அப்புறம் கணினியின் மூளையான பிராசஸர் விழித்து, போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்கிற தொடக்க நிரலைப் படிக்கும். பயாஸ், ராம் என்கிற தற்காலிக நினைவகத்தைச் சோதிக்கும், டிஸ்ப்ளேயைத் தேடும். இதெல்லாம் தேறிய பிறகுதான் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் எங்கே என்று பார்க்கும். எந்தப் படியில் நின்றதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். லோகோ வரைக்கும் வந்த மெஷினில் போர்டு போச்சு என்பதும், டிஸ்ப்ளேயே வராத மெஷினுக்கு விண்டோஸ் மாதிரியான ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்பதும் ஏமாற்று வேலை. அல்லது வேலை தெரியாமல் சொல்வது. எப்படி இருந்தாலும் காசு போவது வீட்டுக்காரருக்கு.

தெப்பக்குளம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், சில நொடிகளில் அடங்கும், மறுபடி தானாகவே சுற்றும். "போர்டு டெட்டாம் தம்பி, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்றார். எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டேன். எனக்கு முன்னால் பழுது பார்க்க வந்தவர் சப்ளையின் 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்துப் பார்த்திருக்கிறார். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றியிருக்கிறது. சப்ளை நல்லா இருக்கு, அப்படியானால் போர்டுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

இந்தச் சோதனை எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், நானும் செய்வேன். ஆனால் அது சப்ளை உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். வெறும் வண்டியை இழுக்கிற மாடு பாரம் ஏற்றியதும் படுத்துக்கொள்வதில்லையா, அப்படித்தான் இதுவும். அந்த ஃபேன் கேட்கிற கரன்ட் வேறு, பிராசஸர் விழித்ததும் கேட்கிற கரன்ட் வேறு. கனெக்டரைத் திரும்ப மாட்டி, மெஷினை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் கருப்பு முனையைக் கருப்பு ஒயரிலும் சிவப்பு முனையை மஞ்சள் ஒயரிலும் வைத்தேன். அங்கே 12 வோல்ட் இருக்க வேண்டும், 11.4 முதல் 12.6 வரை இருந்தால் குறையில்லை. அந்த அம்மா வீட்டில் ஒவ்வொரு முறை ஃபேன் வேகமெடுக்கும்போதும் மீட்டர் 11-க்கும் கீழே சரிந்தது. பையில் வைத்திருக்கும் என் சப்ளையை மாட்டினேன். மானிட்டரில் லோகோ வந்தது. பழைய சப்ளையின் கம்பி வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருந்தது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். சுவரில் வரும் 230 வோல்ட் ஏசி உள்ளே 300-க்கும் மேல் டிசியாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே வராமல் இருந்தால் என் கை அடுத்து போவது ராமுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் புகார் எனக்குக் கூடுதலாக வரும். ராமின் அடிப்பக்கத்துத் தங்க முலாம் பூசிய பற்களில் மெல்லிய அழுக்குப் படர்ந்தாலே போதும், போர்டுக்கு ராம் கண்ணில் படாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டி, ஸ்லாட்டை பிரஷால் சுத்தம் செய்து, இரண்டு ஓரமும் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினால் பல மெஷின்கள் எழுந்துவிடும். அதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட வேண்டும்.

ஆயுத பூஜை முடிந்ததும் வரும் அழைப்புகள் வேறு வகை. துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்க மேசையிலிருந்து கேபினட்டை இழுத்திருப்பார்கள், கேபிளை எல்லாம் கழற்றி மாட்டியிருப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷினில் மானிட்டர் கேபிளை போர்டில் இருக்கும் பழைய ஓட்டையில் செருகினால் திரை பெரும்பாலும் கருப்பாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட வேலையை நான் போனிலேயே முடித்துவிடுவேன்.

எனக்கு மனசு பதறுவது கடைசிப் படியில் நின்றுபோகிற மெஷின்களைப் பார்த்தால்தான். விண்டோஸ் வரவில்லை என்றதும் "ஃபார்மட் பண்ணிடலாமா சார்?" என்று, அதாவது டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடலாமா என்று கேட்பது பழுது பார்ப்பவர்கள் பலருக்கு வழக்கமாகிவிட்டது. பத்திரம் எழுதுகிற ஒரு பெரியவர் வீட்டில் வேறொரு ஆள் அப்படிக் கேட்டு, அவரும் சரி சொல்லிவிட்டிருந்தார். நல்லவேளை, மறுநாள் வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. நான் போனபோது ஹார்டு டிஸ்க்கிலிருந்து விட்டுவிட்டு 'கட் கட்' என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது இன்னும் கெடலாம். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் என் லேப்டாப்போடு இணைத்து, தேவையானதை முதலில் எடுக்க ஆரம்பித்தேன்.

"எது ரொம்ப முக்கியம் ஐயா?" என்று கேட்டேன். எழுதிய பத்திரங்களின் நகல்கள் என்றார். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. இங்கே பலர் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் இல்லாத அந்த ஃபைல்களை மட்டும் எடுத்துப் புது மெஷினில் திறந்தால் தமிழாகத் தெரியாது, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் வந்து நிற்கும். அதனால் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்தேன். சில ஃபைல்கள் வரவே இல்லை. அதை அவரிடம் அப்போதே சொன்னேன். வந்த ஃபைல்களை இரண்டு இடத்தில் பிரதி போட்டுக் கொடுத்து, அதன் பிறகுதான் புது எஸ்எஸ்டி டிஸ்க்கில் ஓஎஸ் போட்டேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் நிறைய வீடுகளில் 11-க்கு மாறியிருக்கிறார்கள். அதில் புதிதாக ஒரு சிக்கல் வருகிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டுத் திறந்த பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. போர்டை மாற்றினால், சில நேரம் பயாஸில் கை வைத்தாலே, பிட்லாக்கர் என்கிற அந்தப் பூட்டு 48 இலக்க எண் கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் அதே அக்கவுன்டுக்குள் இருக்கும். ஆனால் அக்கவுன்டைத் திறந்து கொடுத்தவர் யாரோ, பாஸ்வேர்டு யாரிடமோ. அதனால் போர்டு மாற்றும் வேலை என்றால், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னாலேயே அந்த எண்ணைத் தேடி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். லேப்டாப் வைத்திருக்கிற எல்லாரும் மெஷின் நன்றாக ஓடும்போதே இதைச் செய்துவைப்பது நல்லது.

ராம் துடைப்பதை நான் மறைப்பதில்லை. யாராவது ஆர்வமாகப் பக்கத்தில் நின்றால் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வேன். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிழைப்பு என்னாவது என்று கூட வேலை செய்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரப்பரால் தேய்ப்பதற்குப் போய் ஒரு குடும்பம் போர்டு விலை கொடுக்கக் கூடாது. அப்படிக் கற்றுக்கொண்ட கல்லூரிப் பெண் ஒருத்தி போன வாரம் கூப்பிட்டாள். "டிஸ்ப்ளே வந்துருச்சுண்ணே, ஆனா ஒவ்வொரு தடவையும் தேதி பழசாயிடுது, எஃப் 1 அமுக்கச் சொல்லுது" என்றாள். போர்டில் காசு அளவில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், பிளஸ் குறி மேலே பார்க்கிற மாதிரி போடு என்றேன்.