தெரியாமல் இருக்க முடிகிறவர்கள்

அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னே இழுப்பார்கள். அதன் விளைவாகச் சென்னையில் பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரம் மாறும். ஒஹையோ மாநிலத் தலைநகரான கொலம்பஸில் காலை பத்தரைக்குத் தொடங்கும் கூட்டம் கோடையில் நமக்கு இரவு எட்டு மணி, குளிர்காலத்தில் ஒன்பது மணி. அங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருள் திட்டத்தில் நான் ஆன்சைட்டாக, அதாவது வாடிக்கையாளரின் அலுவலகத்திலேயே, இருந்தபோது, என் மேலாளர் ஒவ்வொரு நவம்பரிலும் தவறாமல் கேட்பார்: "இந்தியாவிலும் கடிகாரத்தை மாற்றிவிட்டீர்களா?" மாற்றும் வழக்கமே இல்லை என்பேன். வியப்பார். அடுத்த நவம்பரில் மறுபடியும் கேட்பார்.

அவர் மந்தமானவர் அல்லர். பாலிசித் தவணைக் கணக்கில் ஒரு காசு பிசகினாலும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி மிச்சிகனிடம் எந்தெந்த ஆண்டு தோற்றது என்பதை மனப்பாடமாகச் சொல்வார். இந்தியாவின் நேரம் அவர் நினைவில் தங்காததற்குக் காரணம் எளிது. அதை மறந்ததால் அவருக்கு ஒரு நாளும் எதுவும் கெட்டதில்லை. கூட்டம் பத்தரைக்குத்தான் நடந்தது, எல்லோரும் வந்திருந்தார்கள். எழுந்து வந்தவர்கள், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் இந்தப் பக்கத்தில்.

'இந்தியாவில் யானையில்தான் போவீர்களா, தெருவெல்லாம் பாம்பாமே' என்று அமெரிக்கர்கள் கேட்டதாக நம்மவர்கள் மதிய உணவு மேசையில் சொல்லிச் சிரிக்கும் கதைகளை நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. அவற்றில் பாதி இட்டுக்கட்டியவை. மீதிப் பாதியைச் சொல்கிறவர்கள் தாங்கள் அதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

உண்மையான ஆதாரம் வேண்டுமென்றால், நேஷனல் ஜியோகிராபிக் 2006இல் வெளியிட்ட கருத்தாய்வு இருக்கிறது. 18 முதல் 24 வயதுள்ள அமெரிக்கர்களில் 63 விழுக்காட்டினரால் வரைபடத்தில் ஈராக்கைக் காட்ட முடியவில்லை. அப்போது தங்கள் நாட்டுப் படைகள் ஈராக்குக்குள் நுழைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதே ஆய்வில் இன்னொரு விடை முக்கியமாகப் படுகிறது: அவர்களில் பாதிப்பேரால் நியூயார்க் மாநிலத்தையும் காட்ட முடியவில்லை. ஆகவே இதை வெளிநாட்டார் மீதான அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வரைபடம் என்ற பொருளே அந்த வாழ்க்கையில் தேவைப்படாமல் போயிருக்கிறது.

பள்ளியைக் குறை சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். நாடு முழுதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள், ஒவ்வொன்றும் தன் போக்கில். 2002இல் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்புக்கும் கணிதத்துக்கும் தேர்வு வைத்தது. தேர்வில்லாத பாடத்துக்கு என்ன நேரும் என்பது தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் ஓவிய வகுப்பையும் விளையாட்டு வகுப்பையும் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வாரே, அதுதான் அங்கே புவியியலுக்கு நேர்ந்தது. மேல்தட்டில் சரிவு இன்னும் முன்பே தொடங்கிவிட்டது: ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் புவியியல் துறையை 1948லேயே மூடிவிட்டது.

ஆனால் பள்ளியைவிடப் பெரிய ஆசிரியர் நிலப்பரப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொலம்பஸிலிருந்து மேற்கே இரண்டு நாள் கார் ஓட்டிப் பாருங்கள். அதே மொழி, அதே பணம், அதே நெடுஞ்சாலைப் பலகை, அதே காபிக் கடை. சென்னையில் கொல்கத்தா போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒரே நாளில் ரயில் நிலையப் பெயர்ப்பலகை தெலுங்குக்கும் ஒடியாவுக்கும் வங்காளத்துக்கும் மாறிவிடுகிறது. நமக்குப் புரியாத ஒன்று இந்த உலகில் இருக்கிறது என்பதை நாம் காசு கொடுக்காமல் கற்றுக்கொள்கிறோம். அவர்கள் அதற்கு விமானம் ஏற வேண்டும். சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. என் பக்கத்து மேசைக்காரருக்கு ஆண்டுக்குப் பத்து நாள். குழந்தைக்குக் காய்ச்சல், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அம்மா வீடு, மிச்சத்தில் புளோரிடா கடற்கரை. தீர்ந்தது. கனடாவுக்குப் போய்வரவே 2007 வரை அவர்களுக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டதில்லை. காரில் போகிறவர்களுக்கு 2009 வரை. 1990 வாக்கில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் பாஸ்போர்ட் வைத்திருந்தார்கள். இப்போது அது ஏறத்தாழப் பாதி.

இந்த அறியாமை எங்கள் மென்பொருளுக்குள்ளும் குடியிருந்தது. ஆயுள் காப்பீட்டில் வாரிசுதாரரின் முகவரியைப் பதியும் திரை ஒன்று. மாநிலம் என்ற கட்டத்தில் ஐம்பது மாநிலங்களும் தலைநகரப் பகுதியும் மட்டும். அஞ்சல் குறியீட்டில் ஐந்து இலக்கம்தான் ஏறும். வெளிநாட்டில் இருக்கும் தாயையோ மனைவியையோ வாரிசாகப் போட வேண்டுமானால், ஊழியர்கள் மாநிலத்தில் ஒஹையோ என்றும் குறியீட்டில் ஐந்து ஒன்பதுகளையும் அடித்துவிட்டு, உண்மையான முகவரியைக் குறிப்புப் பகுதியில் எழுதிவைப்பார்கள். பாலிசிதாரர் இறந்த பிறகு அந்தக் குறிப்பை யாராவது படித்தால் உண்டு. இந்தக் குறை பட்டியலில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. மென்பொருளின் ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும், அதாவது ரிலீஸிலும், முன்னுரிமை இல்லை என்று தள்ளிப் போகும்.

அதை விடாமல் பிடித்துக்கொண்டவர் சோதனைக் குழுவில் இருந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், ஒஹையோவின் ஒரு சிற்றூரில் பிறந்தவர், கல்லூரிப் பக்கம் போகாதவர். இவருக்கு ஏன் இதில் இத்தனை அக்கறை என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் தன் தேவாலயத்தில் பூட்டானிலிருந்து வந்த அகதிகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார். அவர்களில் சிலருக்குப் பெற்றோர் இன்னும் நேபாளத்து முகாமில் இருந்தார்கள். பூட்டான் அரசு 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் நேபாளி பேசும் தன் குடிமக்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றியதையும், அவர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூங்கில் குடிசை முகாம்களில் இருந்ததையும், 2008 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெவ்வேறு நாடுகளில், பெரும்பகுதி அமெரிக்காவில், குடியேறியதையும் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி அவர்தான் எனக்குச் சொன்னார். பூட்டான் இந்தியாவை ஒட்டிய நாடு. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பனிமலையும், நாட்டின் மகிழ்ச்சியை அளக்கிறார்கள் என்ற செய்தியும்தான். எங்கள் இந்தியக் குழுவில் யாருக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை. விசாரித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அவரைப் போன்றவர்களை அங்கே எதிர்பாராத மேசைகளில் சந்தித்தேன். சர்வர் அறையைப் பார்த்துக்கொண்ட முன்னாள் படைவீரர் ஒருவருக்கு ஈராக்கின் அன்பார் மாகாணத்து ஊர்கள் வரிசையாகத் தெரியும். ஜோர்டானின் தலைநகரம் தெரியாது. கணக்குப் பிரிவில் இருந்தவர் ஹோண்டுராஸ் மலைக்கிராமங்களில் கிணறு வெட்டப் போய்வந்தவர். அவர்களுடைய உலகம் ஆழமான சில குழிகளும் நடுவில் வெற்று நிலமுமாக இருந்தது. போரோ தேவாலயமோ கொண்டுபோய் விட்ட இடம் மட்டும் தெரியும்.

பல்கலைக்கழகங்களிலும் அப்படித்தான், இன்னும் பெரிய அளவில். இந்தியாவுக்குக் கொடுத்த கோதுமைக்கு ஈடாகச் சேர்ந்த ரூபாயில், 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழும் அதில் கப்பலேறியது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை அவர் மறைவுக்குப் பின் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைக்கச் செய்ததில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பங்கு பெரிது. தமிழ் செம்மொழிதான் என்று 2000இல் தமிழ்ப் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் விரிவான கடிதம் எழுதியது கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்து. சங்கப் பாடலை மூலத்தில் படிக்கிறவரும், தமிழ் என்றொரு மொழி இருப்பதையே கேள்விப்படாத என் மேலாளரும் ஒரே நாட்டு வாக்காளர்கள். இடையில் படிக்கட்டு இல்லை. அந்தப் படிக்கட்டாக இருக்க வேண்டிய செய்தித்தாள்கள் செலவைக் குறைக்க வெளிநாட்டு அலுவலகங்களைத்தான் முதலில் மூடின. பாஸ்டன் குளோப் தன் கடைசி வெளிநாட்டு அலுவலகங்களை 2007இல் மூடியது.

நம் பக்கத்து அறிவைப் பற்றியும் எனக்குப் பெருமிதம் குறைந்துவிட்டது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு அமெரிக்கப் பண்பாட்டுப் பயிற்சி கொடுத்தார்கள்: பேஸ்பால் விதிகள், நன்றி தெரிவிக்கும் நாள், வானிலையைப் பற்றி எப்படிப் பேச்சைத் தொடங்குவது. டாலஸில் வீட்டு விலை, எந்த விசாவுக்கு எத்தனை ஆண்டுக் காத்திருப்பு என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. லாவோஸைப் பற்றியோ பொலிவியாவைப் பற்றியோ இரண்டு வாக்கியம் கேட்டுப் பாருங்கள். சம்பளம் வரும் திசையை மட்டும் நாம் படித்துவைத்திருக்கிறோம். இதை உலக ஞானம் என்று அழைப்பது கொஞ்சம் அதிகம்.

அவர்கள் பக்கத்தில் அப்படியொரு பயிற்சி கிடையாது. மூன்று ஜனவரிகள் தொடர்ந்து ரிலீஸ் பொங்கலன்றே விழுந்தபோது, அரை மணி நேரம் கொடுங்கள், இந்திய விடுமுறை நாட்களைப் பற்றி ஒரு விளக்கம் தருகிறோம் என்று கேட்டோம். மேலாளர் உடனே ஒப்புக்கொண்டார். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சோதனைக் குழுப் பெண்மணி, ஒரே நாட்டில் சென்னைக்கு மட்டும் ஏன் நான்கு நாள் விடுமுறை, புனேயில் இருக்கும் இன்னொரு குழுவுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லவே மீதி நேரம் முழுவதும் சரியாக இருந்தது. அடுத்த ஜனவரியில் ரிலீஸ் பொங்கலுக்குப் பிந்தைய வாரத்துக்கு நகர்ந்தது. மேலாளர் மறக்காமல் இந்தியக் குழுக்கள் அனைத்துக்கும் பொங்கல் வாழ்த்து அனுப்பியிருந்தார். புனேக்காரர்கள் அனைவரும் நன்றி தெரிவித்துப் பதில் எழுதிவிட்டு, அன்று மதியம் எங்களிடம் தனியாகக் கேட்டார்கள்: பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை என்கிறீர்களே, அத்தனை நாள் என்னதான் செய்வீர்கள்?