சேரும் கெரி கலூஷாவும்

எங்களுக்கு ஓட்டம் பழக்கிய சேர் காலமானதை ஒட்டி, சங்கத்தின் இந்த ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் அவரோடு கூடவே இன்னொருவரும் நினைவில் வந்து நிற்கிறார்: கேர்லிங் வீராங்கனை கெரி கலூஷா. ரொறன்ரோவில் இருக்கும் நம்மவர் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. நான் வேலை பார்க்கும் யெலோநைஃபில் தெரியாதவர் இல்லை.

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்கள் இலங்கையைப் போல் இருபது மடங்கு பெரியவை. சனம் ஏறத்தாழ 45,000 பேர்தான், பாதிப்பேர் யெலோநைஃபில். 2012இல் மக்கென்ஸி ஆற்றுக்குப் பாலம் வரும்வரை, ஆறு உறையத் தொடங்கும்போதும் பனி உடையும்போதும் தெற்கே போகத் தரைவழி இராது. இங்கிருந்துதான் கெரி இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக, நாட்டின் மகளிர் கேர்லிங் போட்டியான ஸ்கொட்டீஸில் ஆடினார். இருபது கிலோ வரை எடையுள்ள கருங்கல்லைப் பனித்தளத்தில் சறுக்கிவிட்டு, முன்னால் துடைப்பத்தால் தேய்த்து வட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டம் அது. வலுவான அணிகளோடு மோதிப் பழக வேண்டுமென்றால் விமானம் ஏறவேண்டும். 2014 வரை அயல் பிரதேசமான யூகொனுக்கும் வடமேற்குக்கும் சேர்த்துப் போட்டியில் ஒரே இடம். 2015இல் தனி இடம் கிடைத்தும், பின்தங்கிய அணிகளைத் தகுதிச் சுற்றில் வடிகட்டும் முறை 2017 வரை இருந்தது. போட்டி தொடங்குமுன்பே வீடு திரும்பும் நிலை.

அந்த நிலை எங்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, திருகோணமலையில் இறங்கி, சோதனைச் சாவடிகளில் பை அவிழ்த்து அவிழ்த்துக் கொழும்பு போனோமே! மணலில் ஓடிப் பழகிய கால்களோடு சுகததாச அரங்கின் செயற்கைத் தளத்தில் நின்றோம். எங்கள் அஞ்சல் ஓட்ட அணி முதற் சுற்றிலேயே கடைசி. கூட்டம் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. சேர் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் பின்னேரம், வழக்கம்போல மைதானத்தில் விசிலோடு நின்றார்.

கெரியின் அண்ணன் கெவின் கோவும் வடக்கில் பழகியவர்தான். தெற்கே அல்பேர்ட்டாவுக்குப் போய், 2010இலும் 2016இலும் உலகச் சம்பியன் ஆனார்; 2018 ஒலிம்பிக்கில் கனடாவுக்கு ஆடினார். மற்றச் சகோதரர் ஜேமி யெலோநைஃபிலேயே நின்று, 2012இல் ஆண்கள் தேசியப் போட்டியில் வடபிரதேச அணியை பிளேஓஃப் எனும் கடைசிக் கட்டச் சுற்று வரை கொண்டுபோனார். கெரிக்குத் தேசியப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் செய்த ஒன்று என் மனதில் ஆழப் பதிந்திருக்கிறது. பிந்திய காலத்தில், அணித்தலைவியாக இருந்துகொண்டே முதற் கற்களை விடும் இடத்துக்கு இறங்கினார். பெயர் தரும் கடைசிக் கற்களை ஒன்ராறியோக்காரி ஜோ-ஆன் ரிஸ்ஸோ விட்டார். அணிக்கு எது நல்லதோ அதைச் செய்வதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

சேருக்கும் லண்டனில் அழைக்க ஆள் இருந்தது. போகவில்லை. உயர்தரம் முடித்த வருடம் என்னைக் கூப்பிட்டு, "சின்னப் பெடியளைப் பழக்க ஆளில்லை, ஒரு வருஷம் நிண்டு உதவுறியோ?" என்று கேட்டார். அப்போது எனக்கு விசா வந்திருந்தது. வீட்டில் எல்லோரும் போ என்றார்கள், போனேன். அந்தப் பயணத்தால் என் குடும்பம் நிமிர்ந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். இங்கே கெரியின் அணி தோற்ற செய்தி வந்த ஒவ்வொரு மாசி மாதமும், அந்த ஒரு வருடத்தைச் சேருக்குக் கொடுத்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

சேரின் பெயரில் கட்டடம் எழுப்பலாம் என்று சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. என் வேண்டுகோள் வேறு. அந்தப் பணத்தை, கொழும்புப் போட்டிக்குத் தெரிவாகும் பிள்ளைகள் ஒரு கிழமை முன்னதாகவே போய்த் தங்கி, அந்தத் தளத்தில் ஓடிப் பழகுவதற்குக் கொடுங்கள். என் பங்கை இந்த மாதமே அனுப்புகிறேன்.