காத்திருக்கும் பிள்ளைகளைக் கணினிக்குள் நடக்கவிட்டபோது

பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில், இறுதி ஆண்டு ஆய்வுக்கு நான் எடுத்தது வன்னியில் உள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் காத்திருப்புப் பிரச்சினை. வெல்டிங் வகுப்பை முடித்தவர்கள் வேலைத்தளப் பயிற்சிக்கும், அப்புறம் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைக்கான மதிப்பீட்டுக்கும் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் பலர் கூலிவேலைக்குப் போய்த் திரும்பி வராமலே விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

வழி கிடைத்தது இராணுவ விமானிப் பயிற்சி பற்றிய ஆய்வுகளில். அடிப்படைப் பறப்பு, உயர்நிலைப் பறப்பு, பிறகு போர்விமானம் அல்லது ஹெலிகொப்டர் என்று அங்கேயும் படிப்படியாகத்தான் போக வேண்டும். வானிலை, விமானப் பழுது, போதனாசிரியர் பற்றாக்குறை என்று ஒரு படி தடைப்பட்டால் பின்னால் வருபவர்கள் தேங்குவார்கள். பறக்காமல் இருக்க இருக்கக் கற்றதும் மங்கும். அதனால் பயிலுனர்கள் படிப்படியாகப் போவதைக் கணினியில் உருவகப்படுத்தி, அதாவது ஒவ்வொருவரையும் கணினிக்குள் நடக்கவிட்டு, எந்த அட்டவணையில் தேக்கம் குறைகிறது என்று பார்க்கிறார்கள். இராணுவம் என்றதும் எங்கள் ஊரில் முகம் மாறும், எனக்கும்தான். ஆனாலும் இந்த முறை எங்கள் பிள்ளைகளுக்கு உதவும் என்று பட்டது.

பைதன் என்ற கணினி மொழியில், சிம்பை என்ற இலவச நிரல் நூலகத்தை வைத்து நிலையத்தின் கணினி மாதிரியை எழுதினேன். நிரல் எழுதுவது சுலபம், வரவுப் பதிவேடுகளைச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. "பிள்ளை, தை மாசி வரவை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. காலபோக அறுவடைக்குப் போயிடுவினம்" என்றார் போதனாசிரியர். அதையும் சேர்த்த பிறகே மாதிரி பதிவேட்டோடு ஒத்துவந்தது. தற்செயல் கலந்த கணக்கு என்பதால் ஒரு ஓட்டத்தை நம்பக்கூடாது. பலமுறை ஓட்டிச் சராசரி பார்க்க வேண்டும்.

எல்லோரும் கேட்டது கூடுதல் வெல்டிங் இயந்திரம். மாதிரியில் இயந்திரத்தைக் கூட்டினேன். வரிசை மதிப்பீட்டாளரின் வாசலுக்கு நகர்ந்ததே தவிரக் குறையவில்லை. காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில், மதிப்பீட்டாளர் ஒருவர் தன் நேரத்தில் 80 வீதம் வேலையாக இருந்தால் வருபவர் சராசரியாக நான்கு பேருக்கான நேரம் காத்திருப்பார். 90 வீதமானால் ஒன்பது பேருக்கான நேரம். முழு அணியும் ஒரே நாளில் முடித்து, ஒரே மதிப்பீட்டாளருக்குக் காத்திருந்தால் வேறென்ன நடக்கும்? அணியைப் பிரித்து, இடைவெளி விட்டுத் தொடங்கியபோதுதான் காத்திருப்பு நன்றாக இறங்கியது.

பொறுப்பதிகாரியிடம் எண்களைக் காட்டவில்லை, இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்தேன். அடுத்த அணியை இரண்டாகப் பிரிக்கச் சம்மதித்தார். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வருபவர்களின் பேருந்து நேரத்தையும் சேர்க்கச் சொன்னார். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.