நாள் கணக்கும் மாதக் கணக்கும்

வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னை பெரும்பாக்கம் மறுகுடியேற்றக் குடியிருப்பில் வேலை செய்யப் போகிறேன் என்றதும், தெரிந்தவர்கள் பெரும்பாலும் சொன்னது இதுதான்: "அந்த ஜனங்களுக்கு முதல்ல சேமிக்கக் கத்துக் கொடுங்க." இங்கே வந்து பழகிய பிறகு, சேமிக்கத் தெரியாத வீடு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்த ஐந்நூறு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இவர்களுக்கு வருமானம் நாள் கணக்கில் வருகிறது, வங்கியோ மாதக் கணக்கில் யோசிக்கிறது. சிக்கல் அங்கேதான் என்பது என் எண்ணம்.

தண்டல்காரர் இதை வங்கிகளைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பாக்கி நாளுக்கு நாள் குறைவதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அது கட்டுபவர்களுக்கும் தெரியும், அந்தக் கணக்கை விரல் விட்டே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் அவர் வாசலுக்கு வருகிறார், சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறார், ஆதார் நகல் கேட்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியே பணம் வேண்டும், அந்த நேரத்தில் எந்த வங்கிக் கிளை திறந்திருக்கிறது?

கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பங்களை எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது வேகமெடுத்தது. வீடு மாறியது, வங்கிக் கணக்கு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கிளைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் போகாமலே விட்டார்கள், இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாததால் கணக்கு செயலற்றதாகிவிட்டது. அதை மறுபடி உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக்கூடாது, அதே வங்கியின் எந்தக் கிளையிலும் கே.ஒய்.சி. எனும் அடையாள, முகவரி ஆவணங்களைக் கொடுக்கலாம் என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. இது தெரியாததால் "பழைய பிராஞ்சுக்கே போங்க" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். நான் கூடப் போய் நின்று விதியைச் சொன்னால் வேலை முடிகிறது. எனக்கு இது நிம்மதி தரவில்லை, கோபம்தான் வருகிறது. கணக்கு வைத்திருப்பவர் தனியாகப் போனாலும் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

எங்கள் பிளாக்கில் பெயின்டர் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி பாஸ்புக்கை எடுத்துவந்தார், மிச்சம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லச் சொல்லி. பக்கத்தைப் புரட்டும்போது மங்கிப்போன பிரிண்டில் ஒரு வரி, மே மாதம் 436 ரூபாய் கழிந்திருந்தது. பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. கணக்கு தொடங்கியபோது நீட்டிய படிவங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கிறது, அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒரு வரிக்கு 2 லட்சம் ரூபாய் மதிப்பு.

அதோடு முடிந்துவிடவில்லை. பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் நாமினி படிவத்தில் அந்த அம்மாவுக்குக் கணவர் இனிஷியல், ஆதாரில் அப்பா இனிஷியல். நம் ஊரில் கல்யாணமான பெண்கள் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, இறப்புச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுத்து, பணம் வந்து சேரும்வரை அவர் வீட்டு வேலைக்குப் போவதும் கிளைக்கு வருவதுமாக அலைந்தார். வந்ததும் முதலில் தண்டலை அடைத்தார். மிச்சத்தை மகள் பெயரில் டெபாசிட் போட்டார், அதில் நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை.

அதிலிருந்து மே மாதம் பிறந்தாலே வீடு வீடாகப் போய், கணக்கில் 456 ரூபாய் இருக்கட்டும் என்று சொல்லிவருகிறோம் – ஆயுள் காப்பீட்டுக்கு 436, விபத்துக் காப்பீட்டுக்கு 20. இருப்பு இல்லாமல் பிடித்தம் தவறினால் ஜூன் 1 முதல் பாதுகாப்பு கிடையாது. அப்படியே எல்லார் பாஸ்புக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். நாமினி இல்லாவிட்டால் தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

குழு வேலை தனிக் கதை. சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கின, 1992இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு மூலம் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டம் வந்தது. அதிலிருந்து கூட்டம், சேமிப்பு, உறுப்பினர்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் உள்கடன் எல்லாம் வாரக் கணக்கு, மாதக் கணக்கு என்றே பழகியிருக்கிறது. எங்கள் குழுக்களில் ஒன்றில் ஊக்குநராக இருந்து குழுவை நடத்தும் மீன் விற்கும் அக்கா, சேமிப்பைத் தினம் இருபது ரூபாய் என்று வாங்கலாமே என்றார். ஆறு மாதம் தீர்மானப் புத்தகம், வரவு செலவு எல்லாம் ஒழுங்காக எழுதிக் காட்டியதும் தரம் பார்த்து வங்கிக் கடன் கிடைத்தது. மாதத் தவணையை மாதக் கடைசியில் மொத்தமாகத் தேடுவதில்லை, தினமும் சேர்ந்த சின்னத் தொகையிலிருந்தே அது போய்விடுகிறது. கடனை வங்கியிடம் வாங்கி, தண்டல் முறையில் சேர்த்துக் கட்டுகிறார்கள். இத்தனை ஆண்டு கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றியதே இல்லை!

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான். இங்குள்ள கிளை வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் எப்படி வருவார்கள்? நலச் சங்கத்தின் சார்பில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருக்கிறோம். ஊழியர் போதவில்லை என்கிறார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம், நானும் அந்த நாற்காலியில் இருந்தவள். அப்படியானால் காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கட்டும். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் கேட்கப் போகிறோம்.