பெண்கடலில் முதல் பாறை மீன்: பாப்பரும் பென்சிலும் போட்டுப் பழகிய ஐந்து மாதம்

தை மாதம் வாங்கிய லூரில் (மீன் போலச் செய்த பொய் இரை) வைகாசி கடைசியில்தான் முதல் பாறை மீன் ஏறியது. அதற்குள் பதினேழு ஞாயிறு வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். அந்தப் பதினேழில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டென்மார்க் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நீர்மேல் ஓடும் லூரால் கடல் ட்ரவுட் பிடிக்கிறவர்களின் காணொளிகளைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது. நம் கடலில் ட்ரவுட் கிடையாது. ஆனால் அங்கே போலவே பாம்பனுக்கு வடக்கேயும் கரையோரம் ஆழம் குறைவு, அடியில் கடற்புல். மூழ்கும் லூரைப் போட்டால் தூண்டில் முள் முழுக்கப் புல்தான் வரும். மிதக்கும் லூர் புல்லுக்கு மேலேயே வந்துவிடும். பாறையும் ஊளியும் மேலே ஏறி வந்து அடிக்கிற மீன்கள் என்பதால் முயன்று பார்க்கத் துணிந்தேன்.

ஒன்பதடி ராடு, 5000 அளவு ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு), முனையில் ஒரு பாகம் நீளத்துக்கு 50 பவுண்டு தங்கூசி (ஒற்றை இழை நரம்பு). லூர் இரண்டு: 40 கிராம் பாப்பர் (குழிந்த வாயால் தண்ணீரை அடித்துச் சத்தம் போடுவது) ஒன்று, பென்சில் (ஒல்லியானது, தலையாட்டி வருவது) ஒன்று. இரண்டிலும் இருந்த மூன்று கொக்கி முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டினேன். சின்ன மீன் ஏறினால் வாயைக் கிழிக்காமல் விட்டுவிடலாம்.

தை, மாசியில் வாடைக் காற்று. பாக் விரிகுடாப் பக்கம், அதாவது பெண்கடல், கலங்கிக் கிடந்தது. அதனால் மன்னார் வளைகுடாப் பக்கம், சீனியப்பா தர்கா கரைக்குப் போனேன். பாப்பரை வீசி விறுவிறுவென்று சுற்றுவேன். அது உருண்டு புரண்டு வரும். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உயிர் மீனும் இப்படி ஓடாது, செத்த மீனும் இப்படி வராது. அடிபட்ட சூடை மீன் நின்னு நின்னுதான் போகும்." எனக்கு ராடு பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு பேச்சுதான். ஆலாப் பறவை எங்கே தாழ்ந்து குத்துகிறதோ அங்கே வீசச் சொன்னதும் அவரே.

நிறுத்தி நிறுத்தி இழுக்க ஆரம்பித்ததும் அடி விழத் தொடங்கியது. முதலில் முரல்கள். அலகு நீண்டு கெட்டியாக இருப்பதால் முள் பதியாது. பெயின்டில் கீறல்தான் மிஞ்சும். பங்குனியில் நாலு தடவை பெரிய அடி. நாலு தடவையும் தண்ணீர் சிதறியதைக் கண்டதும் ராடை வெட்டி இழுத்தேன். லூர் பறந்து என்னை நோக்கி வந்தது. மீன் பல நேரம் முதல் அடியில் இரையைத் தடுமாற வைத்துவிட்டு, திரும்பி வந்துதான் கவ்வும். கண் பார்த்ததற்கெல்லாம் கை ஓடக் கூடாது, கையில் கனம் தெரிந்த பிறகே இழுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்வது எளிது; கை கேட்க இரண்டு மாதம் ஆனது.

(வள்ளத்தில் மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போகலாம் என்று கூப்பிட்டவர்கள் உண்டு. அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. நான் போகவில்லை, யாரும் போக வேண்டாம்.)

வைகாசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பி ஆண்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், பொங்கியது. பெண்கடல் அடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளின் சத்தமும் இல்லை. பாம்பன் வடக்குக் கரையில் விடியற்காலை தண்ணீர் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. பாப்பரின் 'களக்' சத்தம் அந்த அமைதிக்கு அதிகம் என்று தோன்றியது. பென்சிலை மாட்டினேன். நரம்பைத் தளரவிட்டு ராடு நுனியை லேசாகச் சுண்டினால் அது இடமும் வலமுமாகத் தலையாட்டி வரும்.

நாற்பதடி தூரத்தில் சூடைக் கூட்டம் சிதறியது. லூருக்குப் பின்னால் தண்ணீர் முதுகு மாதிரி எழும்பியது. அடி! லூர் ஒரு முழம் தூக்கி எறியப்பட்டது. கை அசையவில்லை. மிதக்கவிட்டேன். இரண்டு சுண்டு. அப்படியே உள்ளே இழுபட்டது. கனம் தெரிந்தது, இழுத்தேன். பாறை நேராக வராது, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு முரண்டும். ரீல் கத்திக்கொண்டே நரம்பை விட்டது. கரைக்கு வந்தபோது வாயின் ஓரத்தில் ஒற்றை முள் சுத்தமாகப் பதிந்திருந்தது. கையில் எடுத்ததும் தொண்டைக்குள்ளிருந்து 'கொர் கொர்' என்று ஒலி எழுப்பியது. 1 கிலோ 400 கிராம். வீட்டில் அம்மா மண்சட்டியில் குழம்பு வைத்தார்.

போன ஞாயிறு ஊளி ஒன்று அடித்தது. அதன் பல்லில் தங்கூசி கத்தரியால் வெட்டினாற்போலப் போனது, பென்சிலும் போனது. கம்பி கட்டினால் லூரின் தலையாட்டம் குறைகிறது. வேறு பென்சில் வாங்கியிருக்கிறேன். வரும் ஞாயிறு ஒரு சாண் மெல்லிய கம்பி மட்டும் கட்டி, அதே இடத்தில் வீசிப் பார்க்கப் போகிறேன்.