வால்ல 9 கிராம் – ட்ரெய்னர் விமானத்தோட கடைசிக் கட்ட நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

ரிமோட்ல பறக்கவிடற மாடல் விமானத்தோட ரெக்கை, உடம்பு, வால் மூணுக்கும் ஃபிலிம் (மேல போர்த்தற மெல்லிசு பிளாஸ்டிக் உறை) ஒட்டி முடிஞ்சு மேஜைல தனித்தனியா கிடக்கு. மேல் ரெக்கை ட்ரெய்னர், அதாவது ரெக்கை உடம்புக்கு மேல இருக்கற, ஓட்டப் பழகறதுக்கான விமானம், ரெக்கை நீளம் 1500 மிமீ, முன்பின் அகலம் 240 மிமீ, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே அகலம், அதனால கணக்குப் போட ரொம்ப வசதி.

இன்னைக்கு படுக்கை வால் மட்டும் ஒட்டினேன். ஒட்டுற இடத்துல ஃபிலிமை உரிச்சாதான் எபாக்ஸி பசை கட்டையைப் பிடிக்கும், ஃபிலிம் மேலயே ஒட்டினா ஒருநாள் ஆகாசத்துல ஃபிலிமோட சேர்ந்து வால் பிச்சுக்கிட்டு வந்துரும். உரிக்கறதுக்கு பிளேடு எடுக்கவே கூடாது, பால்சா கட்டைல மெலிசா ஒரு கீறல் விழுந்தாலும் லோடு வரும்போது அந்தக் கோட்டுலயே ஒடியும். சால்டரிங் அயர்ன் முனையால கோடு இழுத்து ஃபிலிமை மட்டும் உருக்கி எடுத்தேன், கட்டை சேதாரமில்லாம இருக்கு.

மூக்கோட நடுவுல ஒரு குண்டூசி குத்தி, அதுலேர்ந்து நூல் பிடிச்சு வாலோட ரெண்டு முனைக்கும் அளந்தா இடது பக்கம் 3 மிமீ கூட இருந்துச்சு. 30 நிமிஷ எபாக்ஸி போட்டதோட அருமை அப்போதான் தெரிஞ்சுது, நிதானமா திருப்பி ரெண்டு பக்கமும் சமமா வந்தப்பறம், பின்னாடி நின்னு ரெக்கையும் வாலும் ஒரே மட்டமா தெரியுதான்னு ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அப்படியே வெயிட் வச்சு விட்டாச்சு.

மார்ச் 4, செவ்வாய்

ஹிஞ்ச் வேலை, அதாவது அசையற மடல்களை ரெக்கையோடயும் வாலோடயும் சேர்க்கற கீல். ஒவ்வொரு ஹிஞ்சுக்கும் நடுவுல ஊசி குத்தி வச்சா பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம்னு சமமா நிக்கும். தண்ணி மாதிரி இருக்கற சிஏ பசை (சூப்பர் க்ளூ) மேல ஆறு சொட்டு, திருப்பிப் போட்டு கீழ ஆறு சொட்டு. சீக்கிரம் காயறதுக்கு ஸ்ப்ரே அடிக்கற பழக்கம் சில பேருக்கு இருக்கு, இங்க அது வேணாம், பசை உள்ள ஊறறதுக்கு முன்னாடியே மேலோட்டமா இறுகிரும். காஞ்சதும் ஒவ்வொண்ணையும் பிடிச்சு நல்லா இழுத்துப் பார்த்தேன். வரல.

மார்ச் 5, புதன்

சர்வோ (மடல்களை அசைக்கற குட்டி மோட்டார்), புஷ்ராட் (சர்வோவையும் மடலையும் இணைக்கற கம்பி). முதல் வேலையா ப்ரொப்பெல்லரைக் கழட்டி வேற ரூம்ல வச்சிட்டேன், மேஜைல மோட்டார் தவறுதலா ஓடினா விரல் போயிரும்.

ட்ரான்ஸ்மிட்டர்ல ட்ரிம் (மடலோட நடு நிலையைத் துளித்துளியா மாத்தற பட்டன்) எல்லாம் நடுவுல வச்சு ரிசீவருக்கு கரண்ட் கொடுத்தப்பறம்தான் சர்வோ கையை மாட்டணும், புஷ்ராடுக்கு 90 டிகிரில நிக்கற மாதிரி. ஹார்ன்ல, அதாவது மடல்ல புஷ்ராட் மாட்டற கொம்புல, இருக்கற ஓட்டை ஹிஞ்ச் கோட்டுக்கு நேர் மேல வரணும், தள்ளிப்போச்சுன்னா மேல போற அளவும் கீழ வர்ற அளவும் வித்தியாசமா இருக்கும். சர்வோ பக்கம் உள்ள இருக்கற ஓட்டை, ஹார்ன் பக்கம் வெளில இருக்கற ஓட்டை, இதான் நான் எப்பவும் போடறது, ஆட்டம் கொறையும், சர்வோவுக்கும் சிரமம் கொறைவு.

அசையற அளவு, எலிவேட்டர் (படுக்கை வால்ல மூக்கை ஏத்தி இறக்கற மடல்) மேல கீழ 12 மிமீ, ரட்டர் (நிமிர்ந்த வால்ல மூக்கை இடம் வலம் திருப்பற மடல்) 20 மிமீ, ஏலரான் (ரெக்கைல விமானத்தைச் சாய்க்கற மடல்) மேல 12 கீழ 8. ஏலரான் கீழ கம்மியா வச்சதுக்குக் காரணம், கீழ இறங்கற பக்கம் இழுவை ஜாஸ்தியாகி மூக்கை எதிர்ப் பக்கம் திருப்பும், அதைக் கொறைக்கத்தான். அப்பறம் விமானத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா வலது ஏலரான் எழும்புதா, ஸ்டிக்கை இழுத்தா எலிவேட்டர் எழும்புதான்னு மூணு தடவை பார்த்தேன். சிக்னல் அறுந்தா த்ராட்டில் ஜீரோவுக்குப் போற மாதிரி ஃபெயில்சேஃப் வச்சு, ட்ரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணியும் பார்த்தாச்சு.

மார்ச் 8, சனி

இந்த நாளுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். போன விமானம் கைய விட்டு கிளம்பி மூக்கைத் தூக்கிக்கிட்டே போய் ஸ்டால் ஆகி (ரெக்கை தூக்கற சக்தியை இழந்து) விழுந்துச்சு, மொத்தமே நாலு செகண்டுதான். வால் கனம். அந்தக் கட்டையெல்லாம் பொறுக்கினது இன்னும் ஞாபகத்துல இருக்கு, அதனால இந்த விமானம் பேலன்ஸ் சரியா வராம களத்துக்குப் போகாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பேட்டரி, ப்ரொப்பெல்லர், ரெக்கை போல்ட் எல்லாம் மாட்டி மொத்தம் 1480 கிராம். சிஜி (எடை மையம்) வரவேண்டிய இடம் ரெக்கையோட முன் விளிம்புல இருந்து 66 மிமீ, அதாவது அகலத்துல 27.5 சதவீதம். முதல் பறப்புக்கு 25ல இருந்து 30 சதவீதத்துக்குள்ள இருந்தா பயமில்லை. மொத்த விமானத்துக்கும் நியூட்ரல் பாயிண்ட்னு ஒண்ணு இதுக்குப் பின்னாடி எங்கயோ இருக்கு, சிஜி அதுக்கு முன்னாடியே நிக்கணும், அதைத் தாண்டிப் பின்னாடி போயிருச்சுன்னா மூக்கு லேசா எழும்பினாலும் தானா திரும்பி வராது, மேல மேல எழும்பிக்கிட்டேதான் போகும்.

மேல் ரெக்கை விமானத்தை நிமிர்த்தியே விரல்ல தூக்கலாம், உடம்பு கீழ தொங்கறதால ஆடாம நிக்கும். கீழ் ரெக்கைன்னா கவுத்துப் போட்டுத் தூக்கணும்.

விரல் நின்ன இடம் 82 மிமீ. 16 மிமீ பின்னாடி!

மார்ச் 9, ஞாயிறு

ராத்திரி பூரா இதே யோசனை. மூக்குல ஈயம் ஒட்டறதுதான் சுலபம், ஆனா ஃபயர்வால் (மூக்குல மோட்டார் மாட்டற பலகை) சிஜில இருந்து 230 மிமீதான் முன்னாடி இருக்கு, 1480 பெருக்கல் 16ஐ 230ஆல வகுத்தா 103 கிராம். நூறு கிராம் ஈயத்தை சும்மா சுமந்துக்கிட்டுப் பறக்கவிட எனக்கு மனசே வரல, இறங்கற வேகமும் கூடும்.

முதல்ல பேட்டரி. 190 கிராம், அதை 90 மிமீ முன்னாடி தள்ள முடிஞ்சா சிஜி கிட்டத்தட்ட 11.5 மிமீ முன்னாடி வரும். குறுக்கே ஒரு பலகை தடுத்துச்சு, அதுல பேட்டரி நுழையற அளவுக்கு ஜன்னல் வெட்டி, வெட்டின ஓரத்துல ப்ளைவுட் பட்டை ஒட்டி பலப்படுத்தினேன். சாயங்காலம் தூக்கிப் பார்த்தா 70 மிமீயை விட ஒரு மயிரிழை கூட. இன்னும் 4.4 பாக்கி.

மார்ச் 12, புதன்

பதில் வால்லயே இருந்துச்சு. டெயில்வீல் செட்டை கழட்டி தராசுல போட்டேன், 14 கிராம், கனமான கம்பி, ரப்பர் சக்கரம். அது சிஜில இருந்து 700 மிமீ பின்னாடி இருக்கு, அதனால அங்க ஒரு கிராம் கொறைச்சா ஃபயர்வால்ல மூணு கிராம் ஏத்தினதுக்குச் சமம். மெல்லிசு கம்பி வளைச்சு ஃபோம் சக்கரம் போட்டு புதுசா ஒண்ணு பண்ணினேன், 5 கிராம். 9 கிராம் போச்சு, 27 கிராம் ஈயம் மிச்சம்.

விரல்ல தூக்கினேன். 66. மூக்கு துளி கீழ சாஞ்சு அப்படியே நின்னுச்சு, கொஞ்ச நேரம் கீழ வைக்கவே மனசில்லாம கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

பக்கவாட்டு பேலன்ஸும் பார்த்தாச்சு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்லயும் வால்லயும் நூல் கட்டித் தொங்கவிட்டா இடது ரெக்கை இறங்குது. வலது முனைல சின்ன ஆணி ஒண்ணு உள்ள அழுத்தி பசை விட்டதும் மட்டமாச்சு.

மார்ச் 15, சனி

காலைல காத்தே இல்ல. ரேஞ்ச் மோடுல (சிக்னல் பலத்தைக் கொறைச்சு) வச்சு முப்பது தப்படி நடந்து போய் எல்லா சர்வோவும் திக்காம அசையுதான்னு பார்த்துட்டு, விட்டேன்.

தானா கிளம்புச்சு. ஏலரான்ல ரெண்டு க்ளிக், எலிவேட்டர்ல ஒண்ணு, அவ்ளோதான் ட்ரிம். நல்ல உயரத்துக்குப் போனதும் டைவ் டெஸ்ட், மூக்கை 45 டிகிரி கீழ சாச்சு ஸ்டிக்கை விட்டுட்டுப் பார்க்கறது. டக்குனு மேல எகிறினா மூக்கு கனம், இன்னும் செங்குத்தா உள்ள மடங்கினா வால் கனம். இது கொஞ்ச தூரம் நேரா இறங்கி, அவசரமே இல்லாம மெதுவா மூக்கைத் தூக்குச்சு. மூணு தடவையும் அதே மாதிரி.

இறக்கினப்பறம் பேட்டரி நிக்கற இடத்துல பென்சில்ல போட்டிருந்த கோட்டு மேல மார்க்கர்ல அழுத்தி வரைஞ்சேன்.