வீட்டைக் காட்ட வரும் புரோக்கரைச் சமாளிப்பது

காலி செய்வதாக ஓனரிடம் சொன்ன அன்று சாயங்காலமே முதல் போன் வந்துவிடும். "மேடம், பார்ட்டி கீழயே நிக்கிறாங்க. பத்தே நிமிஷம்." சமைத்த பாத்திரம் சிங்க்கில், துணி சோபாவில், குழந்தை அப்போதுதான் தூங்கியிருக்கும். முதல் நாள் பாவம் பார்த்துக் கதவைத் திறந்தால் அடுத்த இரண்டு மாதமும் இதே கதைதான்.

சென்னையில் புரோக்கர் இப்படி வந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓனர் ஒரே புரோக்கரிடம் வீட்டை ஒப்படைப்பதில்லை. நாலைந்து பேரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வைப்பார். அவர்கள் வாட்ஸாப் குரூப்பில் போடுவார்கள், அங்கிருந்து இன்னும் பத்துப் பேருக்குப் போகும். எழுத்தில் ஒன்றும் கிடையாது. பார்ட்டிக்கு முதலில் யார் வீட்டைக் காட்டினாரோ அவருக்குத்தான் கமிஷன், பெரும்பாலும் ஒரு மாத வாடகை. நாளைக்கு வரச் சொன்னால் இன்றைக்கே வேறொருவர் காட்டிவிடுவார் என்ற பயத்தில்தான் அவர் காலிங் பெல்லை அமுக்குகிறார். அதனால் அவரிடம் சண்டை போட்டுப் புண்ணியமில்லை. ஒருவரைத் திருத்தினால் ஒன்பது பேர் மிச்சம். பேச வேண்டிய ஆள் ஓனர்.

அதற்காக யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று நிற்பதும் நமக்கே வினை. பல ஓனர்கள் புதிதாக வருபவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் நம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வீடு சீக்கிரம் போவது நமக்கும் லாபம். காட்டத்தான் வேண்டும், ஆனால் நாம் சொல்லும் நேரத்தில்.

நோட்டீஸ் கொடுக்கும் நாளிலேயே ஓனருக்கு வாட்ஸாப்பில் இப்படி ஒரு செய்தி போய்விடட்டும்:

"சார், வீடு காட்ட செவ்வாய், வியாழன் மாலை 5.30 முதல் 7 வரை, ஞாயிறு காலை 10 முதல் 12 வரை நாங்கள் வீட்டில் இருப்போம். யார், எத்தனை மணிக்கு வருகிறார் என்று முதல் நாளே எனக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். நாங்கள் இல்லாதபோது சாவி யாருக்கும் தர வேண்டாம். வீடியோ நானே எடுத்து அனுப்புகிறேன். புரோக்கர்கள் எல்லோருக்கும் இதையே அனுப்பிவிடுங்கள்."

நேரத்தை யோசித்துக் கொடுக்க வேண்டும். வெளிச்சம், காற்றோட்டம் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பகல் நேரம் ஒன்றாவது தேவை. ஞாயிறு காலை அதற்குத்தான். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம், அதைக் கொடுத்தால் பாதிப் பேர் "வேற டைம் இருக்கா?" என்பார்கள். பகல் 12-க்கு எமகண்டம் தொடங்கிவிடுவதால் அதற்குள் முடித்துக்கொள்வது நல்லது. நமக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுகிறவர்கள் குறைவு. நோட்டீஸ் அந்த மாதங்களில் முடிவதாக இருந்தால் காட்டும் படலம் இழுக்கும்.

வீடியோ இரண்டு நிமிடம் போதும். வாசலில் தொடங்கி ஹால், அறைகள், பாத்ரூம், சமையலறை, பால்கனி, கார் நிறுத்துமிடம் என்று நிறுத்தாமல் நடந்து எடுங்கள். எடுக்கும் முன் குடும்பப் போட்டோ, ஆணியில் தொங்கும் பள்ளி அடையாள அட்டை, கொரியர் கவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். கதவு நம்பர், பூட்டு தெரியக்கூடாது. நீங்கள் எடுத்துக் கொடுக்காவிட்டால் புரோக்கரே எடுப்பார். கலைந்த படுக்கையோடு உங்கள் வீடு அவருடைய ஸ்டேட்டஸில் ஓடும். இன்னொரு வசதி, கட்டில் போட்டால் நடக்க இடமில்லை என்று நினைப்பவர் வீடியோவைப் பார்த்தே கழன்றுகொள்வார்.

சொன்ன நேரம் தவறி யாராவது வந்தால் செயினைக் கழற்றாமல், "ஓனர்கிட்ட டைம் கொடுத்திருக்கோம் அண்ணே, வியாழக்கிழமை வாங்க" என்று சொன்னால் போதும். காரணம் சொல்லத் தொடங்கினால் அதற்கொரு பதில் தயாராக வைத்திருப்பார். "ஓனர் சொல்லிட்டார்" என்றால் அவர் எதிரிலேயே ஓனருக்குப் போன் போடுங்கள். ஓனரே பிடிவாதம் பிடித்தால், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தை நினைவூட்டலாம். வீட்டுக்காரரே உள்ளே வருவதென்றாலும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. வழக்குப் போடும் எண்ணத்தில் சொல்ல வேண்டியதில்லை, பேச்சுவாக்கில் சொன்னாலே போதும்.

வாட்ச்மேனை மறந்துவிடாதீர்கள். புரோக்கர் கையில் நூறு ரூபாய் வைத்தால் கேட் திறக்கும். நம் வீட்டுக்கு ஆள் வந்தால் இன்டர்காமில் கேட்காமல் மேலே அனுப்பக்கூடாது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

காட்டும் நாளில் நகை, பாஸ்புக் பீரோவுக்குள், பீரோ சாவி இடுப்பில். பிரிட்ஜ் மேல் இருக்கும் மாத்திரை அட்டை, சார்ஜில் கிடக்கும் போன் இவையெல்லாம்தான் கண்ணில் படாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம் மட்டும். அடுத்தவர் கீழே காத்திருக்கட்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முன்னால் நடந்து காட்டலாம், இன்னொருவர் பின்னால் வரலாம். புரோக்கரை முன்னால் விட்டால் நேராகப் படுக்கையறைக் கப்போர்டைத் திறப்பார். பார்க்க வருபவருக்குக் கப்போர்டின் ஆழம் தெரிய வேண்டும் என்பது நியாயம்தான். அதனால் ஒரு கதவுக்குப் பின்னால் மட்டும் காலி செய்து வைத்து அதைத் திறந்து காட்டி, "மத்ததும் இதே அளவுதான்" என்று சொல்லிவிடுங்கள். குழாயையும் நீங்களே திறந்து காட்டுங்கள்.

"தண்ணிப் பிரச்னையே கிடையாது" என்று புரோக்கர் அளப்பார். நடுவில் மறுக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். பார்ட்டி உங்களைப் பார்த்துக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வரும், போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வாங்க வேண்டுமா. மறைத்தால் டோக்கன் கொடுத்தவர் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பின்வாங்குவார், நம் அட்வான்ஸ்தான் தள்ளிப்போகும். வாடகை எவ்வளவு குறைப்பார் என்ற கேள்வியை மட்டும் ஓனரிடம் தள்ளிவிடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, புரோக்கர் பெயர், யாரைக் கூட்டிவந்தார் என்று எழுதி வையுங்கள். ஒரே குடும்பம் இரண்டு புரோக்கர் வழியாக வருவது சகஜம். பிறகு "நான்தான் முதல்ல காட்டினேன்" என்று தகராறு வந்து ஓனர் உங்களைக் கேட்பார். நோட்டைப் படித்துக் காட்டிவிட்டு விலகிக்கொள்ளலாம்.

டோக்கன் விழுந்த பிறகும் ஒரு வாரம் போன் நிற்காது, விளம்பரத்தை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கே ஓனரிடம் சொல்லி எடுக்க வையுங்கள். அதற்குப் பிறகும் கூப்பிடுகிறவர்களுக்கு "வீடு முடிஞ்சிடுச்சு" என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.